தாளம் போட்ட கை

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயருகிற நேரத்தில்தான் அந்தச் சத்தம் வரும். கோயிலடி மடத்துத் திண்ணையில் ஆரோ தவிலுக்கு வார் இழுத்துப் பதம் பார்க்கிறார்கள். ஒரு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிற்கிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்கிறார். "உது இணுவில் செட்" என்கிறார். அடுத்த தோட்டத்துக்காரர், "இல்லை, அளவெட்டி" என்கிறார். ஒரு தட்டை வைத்துக்கொண்டு அதைச் சொல்லலாமா என்று வேறு ஆராவது கேட்கலாம். நீங்கள் கேட்கமாட்டீர்கள். நீங்களும் அந்த வரம்பில் நிண்டனீங்கள்தானே.

பின்னேரம் வீட்டில் ஒரு பதகளிப்பு. அம்மா புட்டை அவித்து இறக்கிவிட்டுப் பாயைச் சுருட்டுவா. அப்பு வெற்றிலைப் பையைத் தடவிப் பார்ப்பார். சீவல் இருக்கும், சுண்ணாம்பு இராது. ஒழுங்கையால் போகிறபோது கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் குளிக்கிற சத்தம், பூவரசம் இலை மிதிபடுகிற வாசம், எங்கேயோ சாம்பிராணி. கோயில் வீதியில் மணலுக்குத் தண்ணி தெளித்திருப்பார்கள். அந்த ஈரமணலில் வெறுங்காலை வைத்ததும் உடம்பு முழுக்கத் திருவிழா ஏறிவிடும். கச்சான்காரி தாச்சியில் மணலோடு கச்சானை வறுக்கிறாள். சிகரம் கட்டுகிறவன் உச்சியில் நின்று கீழே நிற்கிறவனைப் பேசுகிறான். பெற்றோமக்ஸுக்குக் காற்று அடிக்கிற பொடியனைச் சுற்றி எங்கள் வயதுப் பொடியள் நிற்கிறோம். மண்ணெண்ணெய் மணமும் கற்பூர மணமும் கலந்து வருகிற அந்த மணத்துக்கு நான் இப்போது இருக்கிற ரொறொன்ரோவில் கடை இல்லை.

சுவாமி வெளிவீதி வந்து இருப்புக்கு வந்த பிறகுதான் மேளக் கச்சேரி. அதுவரை மல்லாரியும் வீதிவலமும். அதற்குள் அரைவாசிச் சின்னப்பிள்ளைகள் நித்திரை. "தவில் தனி தொடங்கேக்கை எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர்கள் நாங்கள். என்னை எழுப்பத் தேவையில்லை. அப்புவின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பேன். அவர் தன் தொடையில் தட்டாமல் என் தோளில் தாளம் போடுவார். தட்டு, விரல், விரல், விரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. ஆதிதாளத்தைப் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, இது என் தோளுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதியாக இருந்தது.

அப்பு பெரிய படிப்பாளி இல்லை. தோட்டக்காரர். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். தோட்டம், சுருட்டுக் கொட்டில், ஒருவர் தபால்காரர். ஆனால் தவில்காரர் ஒரு கோர்வையை முடிக்கும் இடத்தில் அரை மாத்திரை பிசகினால், அந்த வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பி மற்றத் தலையைப் பார்க்கும். அவ்வளவுதான். ஆரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தலை திரும்புகிறதுக்குப் பயந்தே இந்தியாவிலிருந்து வந்த பெரிய செட்டுகள்கூட யாழ்ப்பாணத்தில் கவனமாக வாசித்தார்கள் என்று அப்பு சொல்வார். அதில் கொஞ்சம் ஊர்ப் பெருமை கலந்திருக்கும். இருக்கட்டும்.

இனிப் பெரியவருக்கு வருவோம். பேர் சொல்லப்போவதில்லை, சொன்னால் அவரே கோவிப்பார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் தவில் வாசித்தவர். கறுத்த, ஒடிந்த தேகம். தவிலைப் பழைய சேலைத் துணியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். வலக்கை விரல்களில் போடுகிற கூடுகளைத் தானே செய்வார். துணியையும் பசையையும் விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்து, கல்லுப் போல ஆனபிறகு ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பார். நாங்கள் பொடியள் சுற்றி நின்று பார்த்தால் விரட்டமாட்டார். ஒருக்கால் என் விரலில் ஒரு கூட்டைப் போட்டுவிட்டார். பெரிதாய்ப் போய் விழுந்துவிட்டது. "விரல் வளரட்டும்" என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மடத்தில் சாதகம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஆராவது, "அண்ணை, உந்தச் சொல்லு நல்லாயிருக்கு" என்றால் உடனே கையை நிறுத்துவார். "இது என்ரை இல்லை" என்பார். பிறகு அது ஆருடையது, எந்தக் கோயிலில் எந்தத் திருவிழாவில் கேட்டது, அதை வாசித்தவர் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று தொடங்கி, அது ஒரு கதையாகப் போகும். தேத்தண்ணி ஆறிவிடும். ஒரு நடை கைதடியிலிருந்து வந்ததென்பார். ஒரு தீர்மானம் நாச்சிமார் கோயிலடியிலிருந்து வந்ததென்பார். தன்னைவிட வயது குறைந்தவரிடம் எடுத்ததையும் அப்படியே சொல்வார். எல்லாம் கழித்துப் பார்த்தால் இவருடையது என்று என்ன மிஞ்சும் என்று எங்கள் சின்னையா ஒருநாள் பகிடியாகக் கேட்டார். பெரியவர் யோசித்துவிட்டு, "வார் நான் இழுத்தது" என்றார்.

அதிகமாய் அவர் வாயில் வந்த பேர் தெட்சணாமூர்த்தி. உங்களுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இணுவிலில் 1933இல், விசுவலிங்கம் என்ற தவில்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்து, அளவெட்டியில் குடியேறி, காவேரிக்கரைத் தவில்காரர்களையே திரும்பிப் பார்க்கவைத்த மனிதர். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வரங்களுக்கெல்லாம் வாசித்தவர். அவரைப் பற்றிய கதைகள் எங்கள் ஊரில் தேநீர்க்கடைக்குக் கடை வேறுபடும்; நானும் நாலைந்து கேட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் சாட்சி இல்லாததால் விட்டுவிடுகிறேன். சாட்சியுள்ளது ஒன்றுதான்: அவர் பேரைச் சொல்லும்போது பெரியவரின் கை தானாகத் தவிலை விட்டு இறங்கி மடியில் வந்துவிடும்.

இந்தப் பணிவைப் பற்றி எழுதுகிறபோது ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம் வருகிறது. மேளகாரரிடம் ஊர் பணிவைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. கோயிலில் அவர்கள் இல்லாமல் சுவாமி ஒரு அடி நகராது. மாலை கட்டுகிற வீட்டில், கலியாண வீட்டில், அவர்களின் சீவாளி நனைகிற வரைக்கும் முகூர்த்தமே காத்திருக்கும். ஆனால் அடுத்தநாள் சம்பளம் வாங்க வந்தால், எங்கள் ஊரில் சில வீடுகளில் கதிரை இல்லை. திண்ணை ஓரம்தான். சாதி என்ற அந்தச் சனியனை நனவிடை தோய்கிறேன் என்று சொல்லி நான் மறைக்கப்போவதில்லை. நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, மேடையில் சரிசமமாக இருந்துதான் வாசிப்பேன் என்று நிமிர்ந்து நின்றதை அகந்தை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணிக்கணக்காக நிற்கவைத்து, சால்வையை இடுப்பில் கட்டச்சொன்ன உலகத்துக்கு அது வேண்டித்தான் இருந்தது.

அதே ராஜரத்தினம் பிள்ளையின் வழியில் மயங்கி, ஆந்திராவில் கரவடி என்ற ஊரிலிருந்து ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஷேக் சின்ன மௌலானா. பரம்பரை பரம்பரையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம், 1924இல் பிறந்தவர். சொந்த ஊரில் ஏற்கெனவே வித்துவான். இருந்தும் தஞ்சாவூர்ப் பாணியை முதலிலிருந்து பிடிக்கவேண்டும் என்று நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரரிடம் போய்த் திரும்பவும் மாணவனாக இருந்தார். பிறகு ஸ்ரீரங்கமே அவருக்கு ஊராயிற்று; 1998இல் சங்கீத கலாநிதி. எங்கள் பக்கத்துக்கும் வந்து வாசித்திருக்கிறார். அவரைக் கேட்டுவிட்டு வந்த அப்பு, சங்கதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வித்துவானாய் இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போன மனிசன்" என்றுதான் வீட்டில் சொன்னார். ராகத்தைவிட அதுதான் அப்புவுக்குள் போயிருக்கிறது.

தானாய் வருகிற பணிவு வேறு, ஊர் கேட்டு வாங்குகிற பணிவு வேறு என்பதைப் பெரியவரின் சால்வையை வைத்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். சுவாமிக்கு முன்னால் வந்தால் சால்வை இடுப்புக்கு இறங்கும். எல்லோருக்கும் அப்படித்தான், மனேச்சருக்கும் அப்படித்தான். வீதிக்கு வந்ததும் தோளுக்கு ஏறும். திருவிழாக்காரர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போதும் அது தோளிலேயே இருக்கும். இதைக் கவனித்தவர்கள் கவனித்தார்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் சண்டைக்குப் போனதில்லை. சால்வையையும் இறக்கினதில்லை.

இனி ஒரு திருவிழா இரவுக்கு வருகிறேன். வேட்டைத் திருவிழாவோ சப்பறமோ, இப்போது குழம்புகிறது. உபயகாரர் கொழும்பில் கடை வைத்திருந்த காசுக்காரர். போன வருசத்துத் திருவிழாவை விழுத்திக் காட்டவேண்டும் என்று நின்றவர். சிகரம் இரட்டை, வாணம் இரட்டை, மேளமும் இரட்டை. ஒரு பக்கம் பெரியவர் வாசிக்கிற செட். மற்றப் பக்கத்துக்குப் பேசியிருந்த தவில்காரருக்குக் காய்ச்சல். பதிலுக்கு ஒரு பொடியன் வந்திருந்தான். மீசை அரும்புகிற வயது. வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. தவில் அவனைவிடப் பெரிது. பெரியவருக்கு முன்னால் இவனா என்று சனம் சிரித்தது. பொல்லாத சிரிப்பு அது; உங்களுக்குத் தெரியும், எங்கள் சனம் ஒருத்தன் கவிழுகிறதைப் பார்க்க நடுச்சாமத்திலும் விழித்திருக்கும்.

தோடியோ காம்போதியோ, ஏதோ ஒன்று முடிந்து தனி தொடங்கியது. பெரியவர் சுருக்கமாய் வாசித்தார். கண்ட நடையில் ஒரு கோர்வை போட்டுப் பொடியனிடம் விட்டார். பொடியன் குனிந்த தலை நிமிராமல் அதைத் திருப்பி வாசித்தான். பிறகு அதையே உடைத்தான். ஒரு துண்டைத் தூக்கி முன்னுக்கு வைத்து, எடுப்பை அரைத் தட்டுத் தள்ளி, எங்கேயோ போகிறான் என்று எல்லோரும் பார்த்திருக்க, சமத்தில் கொண்டுவந்து போட்டான். என் தோளில் அப்புவின் கை அப்படியே நின்றது.

பெரியவரின் முறை. அவர் தொடங்கவில்லை. இடக்கையிலிருந்த கழியை மணலில் வைத்தார். வலக்கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார். ஐந்தையும் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, பொடியனைப் பார்த்து, "வாசி தம்பி" என்றார். வெறுங்கையால் தன் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குப் பிறந்தவர்கள் கேட்பார்கள். அந்த மணலில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. தவில்காரர் கூட்டைக் கழற்றினால் அன்றைக்கு அவர் வாசிக்கமாட்டார். தாளம் போடுகிற வேலை சின்னப் பொடியனுக்குரியது, கடைசிச் சம்பளக்காரனுக்குரியது. முன்வரிசையில் ஒரு கை எழும்பியது, பிறகு இன்னொன்று. அப்புவின் கை என் தோளில் திரும்பவும் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வீதி முழுக்கத் தாளம். பொடியன் வாசித்தான், வாசித்தான், தொப்பியும் வலந்தலையும் ஒன்றோடொன்று கதைத்தன. பெற்றோமக்ஸ் மங்கி ஆரோ எழும்பிப்போய்க் காற்று அடித்தும் அவன் நிறுத்தவில்லை. முடிந்ததும் பெரியவர் எழும்பினார். இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்தார். வியர்வையில் நனைந்த சால்வை. உதறினார். பொடியனின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, "இது எங்கை எடுத்தனீ?" என்று கேட்டார்.

பொடியன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்றுவரை அதுதான் குறை.

உபயகாரருக்குக் கோபம். விடிய அவர் வீட்டுக்கு அப்புவோடு போனேன். உபயக் கணக்கு அப்புவின் கையில். பெரியவர் முற்றத்தில் நின்றார், தோள் வெறுமையாக. "காசு குடுத்து உம்மைக் கூப்பிட்டது தாளம் போடவோ?" என்று உபயகாரர் கேட்டார். பெரியவர் சத்தம் போடாமல் சொன்னார்: "அவன் வாசிச்சதுக்கு மேலை வாசிக்க ராத்திரி என்னட்டை ஒண்டும் இல்லை ஐயா. இல்லாததை எப்பிடித் தாறது? நீங்கள் அரைவாசியைத் தாங்கோ, காணும்."

உள்ளேயிருந்து உபயகாரரின் தாய்க் கிழவி வந்தா. இரவு முழுக்கப் பெண்கள் பக்கம் தூணோடு சாய்ந்துகொண்டு கேட்டிருந்தவ. கையில் மடிப்புக் கலையாத ஒரு சால்வை. அதை அவரிடம் நீட்டிவிட்டு, விறாந்தையிலிருந்த கதிரையைத் தானே இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்றா. மகனைப் பார்க்கவேயில்லை. பெரியவர் இருந்தார். தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஊர் அன்றோடு திருந்திவிட்டது என்று சொல்லவரவில்லை. மற்ற வீடுகளில் பிறகும் திண்ணைதான். ஆனால் அந்த வருசத்திலிருந்து, ஒரு கோயிலுக்கு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால், மடத்தில் இருக்கிற மற்றச் செட்டுக்காரர் எழும்பி நிற்பார்கள். அவர் "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டிக்கொண்டு வருவார். அந்தப் பொடியனோடு வாசிக்க ஒப்புக்கொள்ளாத பெரிய நாதஸ்வரம் ஒன்றும் பிறகு எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. எல்லா இடத்திலும் அவன் சொன்னது ஒரே வசனம்: "பெரியவர் எனக்குத் தாளம் போட்டவர்."

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடந்ததுதான்: யுத்தம். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு. மாவிட்டபுரத்துப் பக்கம் ஆரும் போகமுடியாது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடின சனம் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி. இரவில் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெற் ஓடும். பழைய திருவிழா மேளம். சுற்றுகிறவர் களைத்தால் தெட்சணாமூர்த்தியும் களைப்பார், சுதி இறங்கும். "சுத்தடா" என்று பேச்சு விழும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, பெரியவர் கரியரில் தவிலைக் கட்டிக்கொண்டு போனதை நாவற்குழிப் பக்கத்தில் கண்டவர்கள் இருக்கிறார்கள். கூட வந்தவர் ஒருவர், உடுப்பு மூட்டையை விட்டுவிட்டு இதையா கட்டினீர்கள் என்று கேட்டதாகவும் கதை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தார். அங்கேயே முடிந்தார். மேளம் வைக்க வசதி இருக்கவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

இங்கே ரொறொன்ரோவில் கோடைகாலத்தில் எங்கள் கோயிலுக்கும் திருவிழா. கார் நிறுத்துகிற இடத்தில் தேர் ஓடும். தார் சுடும், மணல் இல்லை. மேளம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். இப்போதைய பொடியளின் வேகம் அந்தக் காலத்தில் இல்லை. கச்சேரிக்கு முதல் அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் இருக்கிற பட்டங்களை வாசிப்பார். வாசித்து முடிய ஒரு கீர்த்தனை போட்டுவிடலாம். பிறகு பொன்னாடை. நிருவாகசபைத் தலைவர் வித்துவானுக்கு, வித்துவான் தலைவருக்கு, செயலாளர் இருவருக்கும். மைக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கவரைக் கிழிக்கிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். படம் எடுக்கிறவர், "ஐயா, இன்னொருக்கால் போர்த்துங்கோ" என்பார். போர்த்துவார்கள். தனி தொடங்கும்போது அரைவாசிப் பேர் அன்னதான வரிசையில். முன்வரிசையில் கைகள் போனைப் பிடித்திருக்கும். தாளம் போட ஒரு கை மிச்சம் இல்லை.

அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தியைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்ததென்று கேள்விப்பட்டு, அதைத் தேடிப் பார்த்தேன். அதில் பழைய ஆட்கள் அவரைப் பற்றிக் கதைக்கும்போது அவர்களின் கையைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அப்பா, ஏன் திருப்பித் திருப்பி ஒரே இடத்தைப் பாக்கிறியள்?" என்று கேட்டாள்.

போன கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இளம் தவில்காரர் வந்திருந்தார். தனியில் கண்ட நடைக்குள் போய், ஒரு துண்டைத் தூக்கி முன்னுக்கு வைத்து, எடுப்பை அரைத் தட்டுத் தள்ளி, சமத்தில் கொண்டுவந்து போட்டார். எனக்குத் தோள் கூசியது. முடிந்த பிறகு சனம் விலகும்வரை நின்று, கிட்டப் போய், "தம்பி, அந்தக் கண்டநடைக் கோர்வை ஆருடையது?" என்று கேட்டேன்.

"யூரியூப்பிலை எடுத்தது, ஐயா. பேர் போடேல்லை."

எங்கே கேட்டது, ஆர் வாசித்தது, அன்றைக்கு ஆர் தாளம் போட்டது என்று சொன்னேன். அவர் கூட்டைக் கழற்றிக்கொண்டே மரியாதையாகத்தான் கேட்டார். நல்ல பிள்ளை. கடைசியில், "தாளம் போட்டவருக்கு என்ன பட்டம், ஐயா?" என்றார்.

"பட்டம் ஒண்டும் இல்லை, தம்பி. அவர் சைக்கிளிலை வாறவர்."

அவர் சிரித்தார். சாப்பாட்டுக்கு ஆரோ கூப்பிட்டார்கள். தவிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "வாங்கோ ஐயா, சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றார். வரிசை நீளம். மிச்சத்தைப் பாதிக்கு மேல் சொல்லிவிட்டேன்.